விதையாமல் முளைத்தவை
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



கடந்த ஆவணியில் குருபரப்பள்ளியில் நல்ல மழை. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில், நாங்கள் விதையாத செடிகள் எழும்பி நின்றன. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற இடத்தில் தக்காளி. மதிலோரத்தில், காக்கை உட்காருமிடத்தின் கீழே இரண்டு பப்பாளி. குப்பைக்குழியில், ஆனி மாதம் தின்று எறிந்த பெங்களூரா மாங்கொட்டை ஒன்று செந்தளிர் விட்டிருந்தது.

இவைகளோடு கேரட் இலைபோல் நுணுக்கமாய் வெட்டுண்ட இலையுள்ள ஒரு செடியும் கூட்டங்கூட்டமாய் வந்தது. பள்ளத்தை மேடாக்க ரோட்டோரத்து மண் ஒரு டிராக்டர் கொட்டியிருந்தோம். அந்த மண் முழுவதும் அதுதான். கோதுமையும் களையும் பற்றி முப்பது வருஷமாய்ப் பிரசங்கித்தவர்களாயிற்றே! பிடுங்க மனமில்லாமல் விட்டுவிட்டோம்.

ஒரு மாதத்தில் வெள்ளைப் பொடிப்பூ பூத்தது. பால்காரம்மாதான் பார்த்துவிட்டு, "அய்யா, இது காங்கிரஸ் செடி. இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்றார்கள். பார்த்தீனியம்! தெற்கேயிருந்து வந்த நாங்கள் பெயரைக் கேட்டிருந்தோம், இளஞ்செடியைக் கண்டு அறியவில்லை. அதற்குள் எங்கள் கைகளில் அரிப்பு. ஏற்கெனவே இழுப்பு உள்ள வீட்டம்மாளுக்கோ ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டி, நம் மருத்துவமனைக்கு ஓடினோம். ஆவி மருந்து வைத்து, விடியும்போதுதான் படுக்க முடிந்தது. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டைச் சுற்றி என்ன செடி இருக்கிறது?" என்றுதான்.

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. 1955-ல் பூனாவில் கண்டறியப்பட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும்; மண் போகிற இடமெல்லாம் விதையும் போகும். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-ல் பக்கத்துப் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் வண்டு நன்றாகவே தின்கிறது, ஆனால் செடி ஒழிந்தபாடில்லை.

ஆகவே பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையில் உறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். இழுப்பு உள்ளவர்கள் கிட்டவே போகவேண்டாம். அந்த உவமை மனுஷரைப் பற்றியது, பார்த்தீனியத்தைப் பற்றியதல்ல என்று வீட்டம்மாள் இப்பொழுது எங்களுக்கே பிரசங்கிக்கிறார்கள்!

மற்றவைகளை விட்டுவைத்தோம். தக்காளி சிறுத்தே காய்த்தது. ஒட்டுரக விதை தாயைப்போல் வருவதில்லை. பப்பாளியில் ஒன்று ஆண், வெட்டிவிட்டோம். மாங்கன்றும் பெங்களூராவாகவே காய்க்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் வேர் பலமாய் இருக்கிறதாம். வருகிற ஆடியில் அதன்மேல் நல்ல மரத்துக் குச்சியை ஒட்டுக்கட்டித் தருவதாகப் பக்கத்துத் தோப்புக்காரர் சொல்லியிருக்கிறார்.