குசினியில் மொய்க்கும் பழ ஈக்கள்

வீடு திரும்பியிருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே,

மாம்பழக் காலத்தில் குசினிக்குள் மொய்க்கிற இந்தச் சின்ன ஈக்களுக்கு மருந்தடிக்க வேண்டாம். அது சோற்றுப் பானையிலும் படியும். போத்தலில் கொஞ்சம் வினாகிரியோ புளித்த கள்ளோ விட்டு, இரண்டு துளி சவர்க்காரத் தண்ணீர் சேர்த்து வையுங்கள். கள்ளு என்றதும் சிரிக்கிறீர்கள். ஒரு மிடறு போதும். வருகிற ஈ அதற்குள் விழுந்து சாகும்.

ஆனால் முட்டை அழுகின பழத்திலும் தோலிலும் கிடக்கிறது. 10 நாளுக்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். ஆகவே கஞ்சலை அன்றன்றே புதையுங்கள்.

கிடங்கு வெட்டுவது கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த நிலத்தில் மட்டும். எங்கள் வளவுதானே என்று வேலிக்கரையில் மண்வெட்டி போடாதீர்கள். நிலம் ஒப்படைக்கும்வரை மூடியுள்ள வாளியில் சாம்பல் தூவிப் போட்டு வையுங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.