விளிம்பில் எழுதிய பெயர்: விடுதலைக் காலப் படைப் பதக்கங்களை இனங்காணல்



படையில் பணியாற்றி ஊர் திரும்பியவர்களின் வீடுகளில் ஒரு தகரப்பெட்டி இருப்பதுண்டு. பணிச்சான்று ஒன்று, மங்கிப்போன நிழற்படம் ஒன்று, நாடா இற்றுப்போன வட்டப் பதக்கம் ஒன்று ஆகியவை அதனுள் கிடக்கும். ‘தாத்தா போரில் வீரம் காட்டிப் பெற்றது’ என்று பேரப்பிள்ளைகள் பெருமையோடு எடுத்துக் காட்டுவர். எந்தப் போர், எந்த ஆண்டு, என்ன செயல் என்று வினவினால் விடை இராது. விடையின் பெரும்பகுதி அந்தப் பதக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படிப்பார் இல்லை என்பதே குறை.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பயின்றோர் ஒரு முறையை அறிவர். அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். ஊரும், ஆநிரை கொண்டதோ மீட்டதோ ஆகிய பூசலும், பட்ட வீரனின் பெயரும் பின்னர் வரும். கல்லில் செதுக்கிய உருவங்கள் பெரும்பாலும் ஒன்றைப் போலவே மற்றொன்று அமைந்திருக்கும். எழுத்துத்தான் ஒரு வீரனை இன்னொருவனிடமிருந்து பிரித்துக் காட்டும். பதக்கத்தையும் அம்முறையிலேயே படிக்கலாம். ஆட்சியைச் சின்னம் சொல்லும். நிகழ்ச்சியை நாடாவும் அதன்மேல் பொருத்திய பெயர்ப்பட்டையும் சொல்லும். ஆளை விளிம்பு சொல்லும்.

முதலில் சின்னத்தைக் காண்போம். இந்தியா 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் விடுதலை பெற்றது. குடியரசானது 1950 சனவரி 26ஆம் நாள். இடைப்பட்ட காலத்தில் நாடு பிரிட்டன் மன்னரையே தலைவராகக் கொண்ட டொமினியனாக இருந்தது. இந்த இடைக்காலத்தின் முரண் முழுவதும் ஒரு பதக்கத்தில் பதிந்துள்ளது. அது இந்திய விடுதலைப் பதக்கம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஆணையால் 1948இல் ஏற்படுத்தப்பட்டது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் ஆனது. குறுக்களவு ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். முன்புறத்தில் அசோகச் சக்கரம். அச்சக்கரத்தின்மேல் மன்னரின் மணிமுடி. சுற்றிலும் இலத்தீன் மொழியில் மன்னரின் பெயரும் பட்டங்களும். பின்புறத்தில் அசோகரின் சிங்கத்தலையும், விடுதலை பெற்ற நாளும். நாடாவோ காவி, வெண்மை, பச்சை என மூன்று சமப் பட்டைகள் கொண்டது.

விடுதலைப் பதக்கத்தில் மணிமுடியைக் கண்டு, ‘இது போலி’ என்று ஒதுக்குவாரும் உண்டு. மணிமுடி இருப்பதே அதன் உண்மைக்குச் சான்று. அது இல்லையாயின் ஐயுற வேண்டும்.

குடியரசு மலர்ந்த அதே நாளில் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா என்னும் மூன்று வீர விருதுகள் ஏற்படுத்தப்பட்டன. அவை 1947 ஆகஸ்டு 15 முதலே செல்லும் என்றும் விதிக்கப்பட்டது. 1947 நவம்பர் 3ஆம் நாள் காஷ்மீரத்துப் பட்காமில் குமாவோன் ரெஜிமெண்டின் மேஜர் சோமநாத் சர்மா வீழ்ந்தபோது, அவருக்கு அளிக்க அப்படியொரு விருதே இல்லை. பின்னர் பிறந்த பரம்வீர் சக்ராவின் முதல் உரிமையாளர் அவரே ஆனார். செயல் முந்தியது, பதக்கம் பிந்தியது. ஆதலின், விருது தோன்றிய ஆண்டை மட்டும் கொண்டு, அதற்கு முற்பட்ட செயலுக்கு அது வழங்கப்பட்டிராது என்று தள்ளிவிடலாகாது.

பரம்வீர் சக்ராவை வடிவமைத்தவர் ஒரு பெண்மணி என்பதும் நினைக்கத்தக்கது. சுவிட்சர்லாந்து நாட்டின் நெஷாட்டலில் பிறந்து, இந்தியப் படை அலுவலர் விக்ரம் கானோல்கரை மணந்து, இந்நாட்டுத் தொன்மங்களில் தோய்ந்த சாவித்திரி கானோல்கர் அவர். இந்திரனின் வச்சிரப்படைக்காகத் தன் எலும்பையே ஈந்தவர் ததீசி முனிவர் என்பது தொன்மம். நடுவே அரசுச் சின்னமும், அதனைச் சூழ நான்கு வச்சிரங்களும் அமைந்ததன் பொருள் அக்கதையில் உள்ளது. தன்னையே தந்தவனுக்குரிய சின்னம் அது.

உலோகத்தைக் கண்டு மதிப்பை உய்த்துணர முயல்வோர் இவ்விடத்தில் இடறுவர். மூன்றனுள் தலையாய பரம்வீர் சக்ரா வெண்கலத்தால் ஆனது. அதன் நாடா ஊதா நிறமே முழுதும் கொண்டது. அதற்கு அடுத்த நிலையில் உள்ள மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளியால் ஆனவை. இரண்டிலும் ஐம்முனை விண்மீன் உண்டு. மகாவீர் சக்ராவின் நாடா பாதி வெண்மை, பாதி காவி. வீர் சக்ராவின் நாடா பாதி கருநீலம், பாதி காவி. பெட்டியில் கிடந்து நிறம் மங்கிய நாடாவை மட்டும் நம்பினால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள நேரும். நாடா பின்னாளில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஆகவே பின்புறத்தில் பொறித்துள்ள விருதின் பெயரையும் படித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்திற்கென 1952இல் அசோக் சக்ரா மூன்று வகுப்புகளாக ஏற்படுத்தப்பட்டது. இவ்வரிசையில் முதல் வகுப்பு பொன்முலாம் பூசியது, இரண்டாவது வெள்ளி, வெண்கலம் இங்கே மூன்றாவது. முன்னைய வரிசையில் தலைநின்ற வெண்கலம் இவ்வரிசையில் கடைநின்றது. 1967இல் இரண்டாம் வகுப்பு கீர்த்தி சக்ரா எனவும், மூன்றாம் வகுப்பு சௌரிய சக்ரா எனவும் பெயர் பெற்றன. ஆகவே ‘அசோக் சக்ரா, மூன்றாம் வகுப்பு’ என்னும் பெயரைக் கண்டால் அது 1967க்கு முற்பட்ட வழக்கு என்று துணியலாம். பெயரே காலங்காட்டும் கருவியாகிறது.

வீர விருது வேறு, பணிப் பதக்கம் வேறு. 1947ஆம் ஆண்டுப் பொதுப்பணிப் பதக்கம் பின்னதற்குச் சான்று. அதன் முன்புறத்தில் பவானி வாளும், பின்புறத்தில் தாமரையும் உள்ளன. சிவப்பு நாடாவில் பச்சைக் கோடுகள் ஓடும். ஜம்மு காஷ்மீர் என்னும் பெயர்ப்பட்டை நாடாவின்மேல் இருப்பின், அதற்குரியவர் அக்களத்தில் பணியாற்றினார் என்பது தெளிவு.

இனி விளிம்பு. பணிப் பதக்கத்தைக் கையில் எடுப்போர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வைத்துவிடுவர். அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பவர் சிலரே. ஒருவரின் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை அங்கே சிறு எழுத்துகளில் பதிந்திருக்கும். பளபளப்பு வேண்டிப் பொடியிட்டுத் தேய்க்கத் தேய்க்க அவ்வெழுத்துகள் அழியும். விற்பனைக்காகப் பழைய பெயரை அராவிப் புதுப்பெயர் பொறிப்பாரும் உளர். அராவிய பதக்கம் தன் இனத்துப் பிற பதக்கங்களைவிடக் குறுக்களவில் சிறுத்திருக்கும். அளந்து பார்த்தால் பொய் வெளிப்படும். பெயர் தேய்ந்த பதக்கம் எழுத்தழிந்த நடுகல்லை ஒக்கும். உருவம் எஞ்சும், ஆள் மறைவான்.

தகரப்பெட்டிக்கு மீள்வோம். அதில் இருப்பது மணிமுடியும் மூவண்ண நாடாவும் கொண்ட விடுதலைப் பதக்கம் என்று தெரியவந்தால், பேரப்பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அது வீரச் செயலுக்கு அளித்த விருது அன்று. 1947 ஆகஸ்டு 15 அன்று படைப்பணியில் இருந்தமைக்காக அளித்தது. இதனால் தாத்தாவின் பெருமை குன்றிவிடுமோ என்று சிலர் அஞ்சக்கூடும்.

அந்நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு இரண்டாயிற்று. நேற்றுவரை ஒரே பாசறையில் உண்டு உறங்கிய படையும் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. பஞ்சாபத்துச் சாலைகளில் அகதிகளின் வரிசை நீண்டது. அன்று சீருடையைக் களையாமல் கடமையில் நின்ற ஒருவர் தம் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சான்று அது. அதற்கு இல்லாத போர் ஒன்றைப் புனைந்து சூட்ட வேண்டியதில்லை. புனைந்தால், களத்தில் வீழ்ந்தோரின் புகழில் ஒரு பங்கை எடுத்ததாகும். அவர் உண்மையில் செய்த பணியும் மறைந்துபோகும்.

ஆகவே பதக்கம் உள்ள வீட்டார் அதைத் தேய்க்காமல் மெல்லிய துணியால் துடைத்து, விளிம்பின் எழுத்தைப் படித்து, எண்ணையும் பெயரையும் பிரிவையும் ஒரு தாளில் எழுதி, பணிச்சான்றோடு சேர்த்து வைக்க வேண்டும். கல்லெழுத்தைப் படியெடுத்துக் காத்த தமிழர்க்கு இது அரிய பணி அன்று.