பாலைவனக் குட்டையில் செத்து மிதந்த புழுக்கள்



1976ஆம் ஆண்டு. இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனம். அங்கே நகால் பெசோர் என்றொரு ஆறு. மழைக்காலம் முடிந்தால் வற்றிவிடும். படுகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டைகள் மிஞ்சும். கொசுவின் இயற்கை எதிரிகளைத் தேடித் திரிந்த யோயல் மார்கலித் என்ற விஞ்ஞானி அப்படியொரு குட்டையைக் கண்டார். தண்ணீர் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அத்தனையும் கியூலெக்ஸ் கொசுவின் புழுக்கள். செத்தவையும் சாகக் கிடந்தவையுமாக ஒரு படலம்.

அந்தக் குட்டைச் சேற்றிலிருந்துதான் அந்தப் பாக்டீரியா கிடைத்தது. மார்கலித்தும் சக ஆய்வாளர் லெனர்ட் கோல்ட்பெர்க்கும் 1977இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது முழுப்பெயர். சொல்லி முடிப்பதற்குள் கொசு கடித்துவிட்டுப் போய்விடும் என்பதால், பி.டி.ஐ. என்றே வைத்துக்கொள்வோம்.

இதற்கு மூத்த உறவுகள் உண்டு. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென்று சுருண்டு செத்ததற்குக் காரணம் தேடிய இஷிவாட்டா என்ற ஆய்வாளர் ஒன்றைக் கண்டார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் எர்ன்ஸ்ட் பெர்லினர் மற்றொன்றைக் கண்டு, ஊர்ப்பெயரையே வைத்தார். பி.டி. பருத்தியின் பி.டி.யும் இதே குடும்பம்தான். ஆனால், விவசாயி நேயர்களே, பருத்திக் கதையைத் தொட்டால் இன்றைய நேரம் அதற்கே போதாது. கொசுவோடு நிறுத்திக்கொள்வோம்.

தீனி தீர்ந்தால் இந்தப் பாக்டீரியா கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உறங்கப் போகும். போகும்போது பக்கத்திலேயே புரதத்தால் ஒரு படிகத்தையும் கட்டிவைக்கும். நஞ்சு அதில்தான். கொசுப்புழுவுக்கு வாயோரம் தூரிகை போன்ற மயிர்க்கற்றை உண்டு. அதை ஓயாமல் ஆட்டித் தண்ணீரில் மிதக்கும் துகள்களை வாரி விழுங்கும். படிகமும் உள்ளே போகும். புழுவின் குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. படிகம் அங்கே கரையும். குடல் நொதிகள் புரதத்தின் நுனியை நறுக்கும். அதன் பிறகே அது நஞ்சாகும். குடல் செல்களில் ஒட்டி ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புகுந்து செல்கள் ஊதி வெடிக்கும். மனித வயிற்றில் இருப்பது அமிலம். இந்த நஞ்சு ஒட்டுவதற்கான இடமும் மனிதக் குடலில் இல்லை.

இனிமேல்தான் ருசியான பகுதி. இந்த நஞ்சைச் செய்யும் மரபணுக்கள் பாக்டீரியாவின் முதன்மைக் குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 1,28,000 எழுத்து நீளமுள்ள அந்த வளையத்தை 2002இல் முழுவதுமாகப் படித்துவிட்டார்கள். கிரை4ஏ, கிரை4பி, கிரை11ஏ என்று கிரை வகை நஞ்சுகளில் முக்கியமானவை மூன்று. கூடவே சைட்1ஏ என்று ஒன்று. உருவில் சின்னது; தனியாகக் கொடுத்தால் கொசுப்புழுவை அவ்வளவாக அசைக்காது. அப்படியானால் அது எதற்கு?

கலிபோர்னியாவின் ரிவர்சைடில் ஜார்ஜியூ, விர்த் என்ற ஆய்வாளர்கள் அதைக் கொசுக்களிடமே கேட்டார்கள். ஒரு கூட்டத்துக்குக் கிரை11ஏ மட்டும். இன்னொன்றுக்கு சைட்1ஏவும் சேர்ந்த முழு நஞ்சு. பிழைத்தவற்றை வளர்த்து, அவற்றின் குஞ்சுகளுக்கும் அதே விருந்து. இப்படி 28 தலைமுறை! 1997இல் முடிவு வெளிவந்தது. ஒற்றை நஞ்சு தின்ற வம்சம் 900 மடங்குக்கு மேல் எதிர்ப்புப் பெற்றிருந்தது. முழு நஞ்சு தின்றதற்கோ ஏறக்குறைய 3 மடங்குதான்.

காரணம் 2005இல் மெக்சிகோவிலிருந்து வந்தது. கிரை நஞ்சு ஒட்டிக்கொள்ளக் குடலில் ஒரு பிடிமானம் வேண்டும். சைட்1ஏ செல்லின் சவ்வில் தானே போய்ச் செருகிக்கொண்டு, கிரை11ஏவுக்கு அந்தப் பிடிமானமாகிவிடுகிறது. அதாவது, கொசு தன் வீட்டுக் கைப்பிடியைக் கழற்றி ஒளித்தாலும், திருடன் கையோடு ஒரு கைப்பிடி கொண்டுவருகிறான். ஜோடி சேர்ந்த திருட்டு என்றால் இதுதான்!

அந்த ஜோடி இல்லாவிட்டால் என்னாகும் என்பதை நம் பக்கத்துக் கொச்சியே காட்டியது. அங்கே யானைக்கால் நோய் பரப்பும் கொசுவுக்கு எதிராக பேசில்லஸ் ஸ்ஃபேரிகஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைத் தெளித்தார்கள். அதன் முக்கிய நஞ்சில் புரதம் இரண்டு. ஆனால் ஒட்டுமிடம் ஒன்றே ஒன்று. அங்குள்ள கொசுக்கள் அதற்குக் கடும் எதிர்ப்புப் பெற்றுவிட்டதை மதுரையைச் சேர்ந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வாளர்கள் 1995இல் பதிவுசெய்தார்கள்.

கொசு மருந்தாகத் தெளிக்கும் பி.டி.ஐ. மட்டும் குறையே இல்லாததா என்றால், இல்லை. கூட்டுப்புழு தின்னாது, ஆகவே சாகாது. படிகம் அடியில் படிந்துவிட்டால் மேற்பரப்பில் மேயும் அனோபிலிஸ் புழு தப்பிவிடும். சாக்கடையில் வேறு தீனி மிகுதி என்பதால் மருந்தும் கூடுதலாக வேண்டும். வெயிலும் அதன் வீரியத்தைக் குறைக்கும். ஒருமுறை தெளித்துவிட்டு மாதக்கணக்கில் மறந்திருக்க முடியாது.

மருந்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எளிய காட்சி ஒன்று உண்டு: 100 மில்லி தண்ணீர் உள்ள கிண்ணம், எண்ணிப் போட்ட 25 புழுக்கள், ஒரு சொட்டு மருந்து. 24 மணி நேரம் கழித்து ஊசியால் தொட்டுப் பார்த்து, நெளியாதவற்றை எண்ணுவார்கள். புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் உருவாக்கிய பி17 என்ற உள்நாட்டு பி.டி.ஐ.யும் இத்தகைய சோதனைகளைத் தாண்டி வந்ததுதான்.

 அடுத்த முறை கொசு மருந்துக் குவளையோடு சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்தால், தொட்டியின் மூடியைத் திறந்துவிடுவீர்கள் என்று நம்பலாம்தானே?