தீயால் எழுதிய கோடுகள்



கலை சோறு போடுமா என்று கேட்பவரை நாம் ஏளனம் செய்தல் ஆகாது. அது நியாயமான கேள்வியே. அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓவியம் பயின்று வெளிவந்த இளைஞர்கள் இக்கேள்வியின் முன்தான் திகைத்து நின்றனர். படம் வாங்குவார் அரியர். வேறு வேலை தேடிச் சென்றாலோ தூரிகை மறந்துபோகும்.

அவர்களுடைய ஆசிரியரும் அரசினர் கலைப் பள்ளியின் முதல்வருமான கே. சி. எஸ். பணிக்கர் இதற்கு ஒரு வழி கண்டார். உருக்கிய மெழுகால் துணியில் சித்திரம் தீட்டிச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் 'பாத்திக்' முதலிய கைத்தொழில்களால் பொருள் ஈட்டுவது. எஞ்சிய பொழுதில், வாங்குவோர் முகம் பாராமல், மனம் விரும்பியதைப் படைப்பது. அவ்வாறு சேர்த்த பணத்தில் வாங்கிய கடலோர நிலத்தில்தான் 1966-ஆம் ஆண்டு சோழமண்டலக் கலைஞர் கிராமம் எழுந்தது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியே கோவளத்தை அடைந்து, கடலை வலப்புறம் கொண்டு வடக்கே சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் அதனைக் காணலாம்.

பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால் அங்கு வாழ்ந்த சிற்பி. 1946-இல் பிறந்தவர், பௌதிகம் கற்றபின் கலைப் பள்ளி புகுந்தவர். தந்தையே ஓவியராக அமைந்தது நல்வாய்ப்புத்தான்!

நம் பழைய சிற்பிகள் மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்தனர். சுவாமிமலையில் இன்றும் அம்முறை உண்டு. நந்தகோபாலோ, இரும்புப் பட்டறையில் நாம் நாள்தோறும் காணும் பற்றவைப்பைக் கைக்கொண்டார். செம்பு விந்தையான உலோகம். அடிக்க அடிக்க இறுகும். செந்நிறமாகக் காய்ச்சினால் மீண்டும் குழையும். இவ்வாறு வளைத்த செப்புத் தகடுகளையும் கம்பிகளையும் தீயால் இணைத்து, வெள்ளி முலாமும் எனாமல் வண்ணமும் சேர்த்தார். காற்றில் கோடு கிழித்தாற்போன்ற உருவங்கள் அவை. அலங்காரம் செய்த உற்சவமூர்த்தியைச் சந்நிதியில் நின்று தரிசிப்பதுபோல், முன்னின்று காண்பதற்கென்றே அமைந்தவை.

இயந்திர யுகம் அழகைக் கொன்றுவிட்டது என்போர் இவற்றைச் சற்றே பார்க்க வேண்டும். மோட்டார் வண்டியைச் செப்பனிடும் அதே தீதான் இங்கே மயிலும் மரமும் ஆகிறது.

ஆயினும் கருவியை மட்டும் புகழ்ந்து நிறுத்துவது முறையன்று. அடுத்த வீட்டிலும் ஒரு கலைஞர். எதிர் வீட்டிலும் ஒருவர். தகட்டைத் தட்டும் ஓசைக்காக அங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார் அல்லவா? பணிக்கர் 1977-இல் மறைந்தார். நந்தகோபால் 2017-இல் மறைந்தார். கிராமத்தின் காட்சிக்கூடம் பொதுமக்களுக்காகத் திறந்திருக்கிறது.