தலைக்கவசமும் நட்டஈடும்



'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்று வரும் பழமொழி. பெருந்துன்பம் ஒன்று சிறு சேதத்தோடு நீங்கிவிட்டால் இவ்வாறு சொல்லி நாம் ஆறுதல் கொள்கிறோம். இன்றைய நகர வாழ்வில் தலைப்பாகையின் இடத்தைத் தலைக்கவசம் பெற்றுவிட்டது. அதனை அணிய வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், அணியாது சென்ற ஒருவர்மீது வேறொரு வண்டி மோதிவிட்டால், அவர் நட்டஈடு கேட்கும் உரிமையையும் இழந்துவிடுகிறாரா? இக்கேள்விக்குத் தவறான விடையைப் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அதனால் விளையும் கேடு சிறிதன்று.

பெங்களூர் அல்சூரில் நமக்கு அறிமுகமான கொத்தனார் ஒருவர் உண்டு. தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர், வயது முப்பத்திரண்டு. ஒருநாள் மாலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகையில், நாற்சந்தியில் சரக்கு வண்டியொன்று பக்கவாட்டில் வந்து மோதியது. வலக்கால் எலும்பு முறிந்தது. தலையில் காயம் இல்லை. மருத்துவமனையிலேயே ஒருவர் சமாதானம் பேச வந்தார். பத்தாயிரம் ரூபாயும் கன்னடத்தில் எழுதிய தாளொன்றும் கொண்டு வந்தார். கையொப்பமிடுமுன் அதைப் படித்துச் சொல்லுமாறு கொத்தனாரின் மனைவி நம்மிடம் எடுத்து வந்தார்.

"தொப்பி போடாமல் போய்விட்டார் ஐயா. வழக்குப் போட்டாலும் நிற்காதாம். கொடுப்பதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்" என்றார் அந்த அம்மாள்.

தாளில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'நிர்லக்ஷ்ய', மற்றொன்று 'பரிஹார'. பரிகாரம் என்றால் நமக்குக் கோயிலும் கிரக தோஷமும் நினைவுக்கு வரும். கன்னட அலுவல் வழக்கிலோ அது நட்டஈட்டைக் குறிக்கும். நிர்லக்ஷ்யம் என்பது கவனக்குறைவு. தம் கவனக்குறைவால்தான் விபத்து நேர்ந்தது என்றும், தமக்கு நட்டஈடு எதுவும் வேண்டாம் என்றும் அந்தத் தாள் கூறியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அதைப் படித்தபோது கை சற்று நடுங்கியது.

சட்டம் சொல்வது என்ன என்று காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இருசக்கர வண்டியை ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணியப் பணிக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. கருநாடகத்தில் பின்னிருப்போருக்கும் அது 2016 சனவரியில் கட்டாயமாயிற்று. மீறினால் 1,000 ரூபாய் தண்டம் என்று 2019இல் நடுவண் அரசின் திருத்தம் விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கருநாடக அரசு அதனை 500 ரூபாயாகக் குறைத்தது. ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் தடைபடவும் இடமுண்டு.

இது அரசுக்கும் ஓட்டுபவருக்கும் இடையிலுள்ள கணக்கு. மோதியவருக்கும் மோதப்பட்டவருக்கும் இடையிலுள்ள கணக்கு வேறு. முன்னதில் பிழை செய்தவர் பின்னதில் யாவும் இழந்தார் என்று சட்டம் எங்கும் கூறவில்லை. விபத்து நேர்ந்ததற்குக் காரணம் யார் என்பது முதற் கேள்வி. காயம் மிகுந்ததற்குக் காரணம் எது என்பது அடுத்த கேள்வி. தலைக்கவசம் இல்லாமை முதற் கேள்விக்கு விடையாகாது. அணிந்திருந்தால் அந்தச் சரக்கு வண்டி நின்றிருக்குமா? இரண்டாம் கேள்வியிலும், முறிந்தது காலாயிருக்கத் தலைக்கவசத்தைப் பற்றிப் பேச இடமேது?

உச்ச நீதிமன்றம் 2020 சனவரியில் வழங்கிய தீர்ப்பொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றபோது கார் மோதிப் பின்னிருந்த இளைஞர் இறந்தார். மூவர் சென்றது குற்றமே எனக் கூறி உயர்நீதிமன்றம் நட்டஈட்டில் ஒரு பங்கைக் கழித்திருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு அக்கழிவை ஏற்கவில்லை. விதிமீறல் விபத்துக்கோ, அதன் தாக்கத்துக்கோ காரணமாயிற்று என்று மெய்ப்பித்தாலன்றி, விதிமீறல் ஒன்றையே காட்டி நட்டஈட்டைக் குறைத்தலாகாது என்பது அதன் சாரம்.

தலையிலே காயம் பட்டிருந்தால் நிலை சற்று மாறும். இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்தில் தலைக்கவசமின்றிச் சென்ற ஒருவருக்கு நீதிமன்றம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கழித்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் சில வழக்குகளில் ஒரு பகுதியைக் கழித்துள்ளன. வேறு சிலவற்றில் கழிக்க மறுத்துள்ளன. ஒரு பங்கு குறைதல் வேறு, உரிமையே அழிதல் வேறு. இந்த வேற்றுமையை மறைத்துத்தான் சமாதானம் பேசுவோர் நம்மவரை அச்சுறுத்துகிறார்கள்.

கொத்தனாரின் கணக்கையே உதாரணமாகக் கொள்வோம். மாத வருவாய் 15,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்க்குப் பெருக்கும் எண் 16 என்று உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்தது. ஊனம் அவரவர் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010இல் அதே நீதிமன்றம் கூறிற்று. மேசையருகே அமர்ந்து எழுதுபவருக்குக் கால் ஊனம் ஒன்று. சாரத்தில் ஏறி நின்று பூசுபவருக்கு அது முற்றிலும் வேறு. உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது குறைந்ததாகக் கொண்டாலும், இவ்வகையில் மட்டும் 5,76,000 ரூபாய் ஆகிறது. மருத்துவச் செலவு, வலி, வேலையின்றிக் கிடந்த மாதங்களின் கூலி ஆகியவை தனி. இதற்கு ஈடாகத்தான் பத்தாயிரம் ரூபாய் தர வந்தார்கள்!

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, புரியாத மொழியில் உள்ள எதிலும் கையொப்பமோ கைநாட்டோ இடலாகாது. காவல் நிலையத்தில் வாய்மொழியாகக் கொடுக்கும் புகாரை எழுதியபின் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். முதல் தகவல் அறிக்கையின் படியையும் இலவசமாகத் தர வேண்டும். தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.

இரண்டாவது, எங்கே மனுச் செய்வது என்பது. பெங்களூரில் விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயங்கள் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடைபெறுகின்றன. ஆனால் விபத்து நேர்ந்த ஊரில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரிலும் செய்யலாம். காலொடிந்து தருமபுரிக்கே திரும்பிவிட்டவர், அங்குள்ள தீர்ப்பாயத்தில் தம் மொழியிலேயே முறையிட வழியுண்டு.

மூன்றாவது, காலம். 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த திருத்தம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று வரையறுத்துள்ளது. அதற்குள் மனுச் செய்துவிடுவதே அறிவுடைமை. மருத்துவமனைச் சீட்டுகள், மருந்துக் கடை ரசீதுகள், கூலி வாங்கியதற்கான சான்று ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வைத்திருத்தல் வேண்டும். மோதிய வண்டி எதுவெனத் தெரியாமற் போனாலும் மனந்தளர வேண்டுவதில்லை. உயிரிழப்புக்கு இரண்டு லட்சமும் கடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் வழங்கும் அரசுத் திட்டம் 2022 முதல் உள்ளது.

இவ்வளவும் சொன்னதால், தலைக்கவசம் வேண்டா என்று எவரும் கருதிவிடலாகாது. அந்தக் கொத்தனாருக்கு முறிந்தது கால், அது நற்பேறு. அரேபியாவின் லாரன்சு என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவர் தலையில் கவசமில்லை. அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்சு அதன்பின் இத்தகைய காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் வீரர்க்குக் கவசம் கட்டாயமானது அவ்வாராய்ச்சியின் பயனே. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட 2008ஆம் ஆண்டின் மதிப்பீடு, கவசம் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் சாவை 42 பங்கும் குறைக்கிறது என்று கண்டது. நம் நாட்டிலோ 2022ஆம் ஆண்டில் மட்டும் தலைக்கவசம் அணியாது சாலையில் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்சு மருத்துவமனை வாயிலில் ஓரிரவு நின்று பார்த்தவர்க்கு இவ்வெண்களின் பொருள் விளங்கும். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த ஊர்திகளிலிருந்து தலையில் கட்டுப்போட்ட இளைஞரை இறக்குவார்கள். உடன் வந்த தாய்மார் எந்த மொழியில் யாரைக் கேட்பது என்று அறியாமல் நிற்பார்கள். காலிழந்தவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைப்பார். நினைவிழந்தவருக்காகப் பிறர்தாம் பேச வேண்டும். எத்தீர்ப்பாயமும் பணத்தைத் தரவல்லதே அன்றி, நினைவைத் திருப்பித் தரவல்லது அன்று.

ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசத்தை வாங்குங்கள். தாடைக்குக் கீழ் வாரை மாட்டுங்கள். மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே தான் பறந்துவிடும். பின்னால் அமரும் மனைவிக்கும் மகவுக்கும் தனித்தனியே வாங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும், ஒருநாள் மறந்து சென்று அன்றே விபத்தும் நேருமாயின், மறந்ததற்குரிய தண்டத்தைக் கட்டுங்கள். மோதியவரிடம் உங்கள் உரிமையைக் கேளுங்கள்.

கொத்தனார் அந்தத் தாளில் கையொப்பமிடவில்லை. ஐந்தாம் மாதத்தில் அவர் மனுத் தாக்கலாயிற்று. வழக்கு நடந்து வருகிறது. அன்று அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது அவர் மனைவி கேட்டது ஒன்றே: "இந்த இரண்டு சொல்லையும் தமிழில் எழுதிக் கொடுங்கள் ஐயா. எங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்."

அந்த நாலு பேருள் நேயர்களாகிய நீங்களும் ஒருவராகுக.