ரவுட்டர் மீது பழியா?

2025 ஒக்டோபர் 14ஆந் தேதியோடு விண்டோஸ் 10 அமைப்புக்குரிய வழமையான ஆதரவு முடிவுற்றது. பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11க்கு மாறின. களுபோவிலையில் அத்தகைய வீடொன்றை எண்ணிப் பாருங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் இணைய வகுப்பு, மாற்றிய மறுநாளே அடிக்கடி அறுந்துபோகிறது. தந்தையார் புதிய ரவுட்டர் வாங்கப் புறப்படுகிறார்.

சற்றுப் பொறுப்பாராக! அதே அறையில், அதே வைஃபையில், கையடக்கத் தொலைபேசி தடையின்றி இயங்குமாயின் ரவுட்டரைப் பழிப்பது பெரும்பாலும் வீண். வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளையே முதலில் ஐயுறல் வேண்டும். அமைப்பு மாறுகையில் உரிய டிரைவர் அகன்று, பொதுவான ஒன்று அவ்விடத்தில் அமர்வதுண்டு. கணினியை ஆக்கியோரின் தளத்திலிருந்து உரியதைப் பெற்று நிறுவலாம். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அட்டையை உறங்கவைக்கும் ஏற்பாடும் ஒன்றுண்டு. டிவைஸ் மனேஜரில் அதன் குறியை நீக்கிவிடலாம்.

சில வேளை பிழை மேலிடத்திலேயே இருக்கும். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11க்கு வந்த புதுப்பிப்பொன்றால் சில கணினிகள் வைஃபையோடு இணையவில்லை. பல்கலைக்கழகங்கள் போன்ற பெரிய வளாகங்களிலேயே தொல்லை மிகுதி. மைக்ரோசாப்ட் அதனை ஒப்புக்கொண்டு, அம்மாதமே திருத்தியது.

எதுவும் பலிக்காவிடின், பழைய அமைப்புக்கே மீளவும் வழியுண்டு. அதற்குத் தரப்படும் தவணை சாதாரணமாகப் பத்து நாளே.