கருப்பை வாய்ப் புற்றுநோய்: எந்த அறுவை சிகிச்சை?

 

நான் மருத்துவர் அல்ல. மருத்துவத் தகவல்களைத் தமிழாக்கம் செய்பவள். அதனால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ‘கருப்பைப் புற்றுநோய்’ வேறு, ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்’ வேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பக்கத்து வீட்டு அக்கா கருப்பைப் புற்றுநோய்க்கு வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சீக்கிரமே எழுந்து நடமாடியிருப்பார். அவருக்கு அது பொருத்தமான முறை. உங்களுக்கு நோய் கருப்பை வாயில் என்றால், ‘எனக்கும் அதே போல’ என்று கேட்பதற்குமுன் சற்றுப் பொறுங்கள்.

ஆரம்பக் கட்டக் கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள 631 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018ல் வெளிவந்தது. எல்லாருக்கும் விரிவான கருப்பை அகற்றம்தான். பாதிப்பேருக்கு வயிற்றைத் திறந்து செய்தார்கள். மற்றவர்களுக்குச் சிறு துளைகள் வழியாக, சிலருக்கு ரோபோ உதவியுடன். நான்கரை ஆண்டுகளில், நோய் திரும்பாமல் உயிருடன் இருந்தவர்கள் முதல் பிரிவில் 96.5 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 86 விழுக்காடு. மருத்துவர்களே எதிர்பார்க்காத முடிவு. ஆகவே உங்கள் மருத்துவர் பெரிய வெட்டுப் போட வேண்டும் என்றால், அது பழைய முறை என்று பிள்ளைகள் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, எவ்வளவு அகற்றுவது. ‘பிள்ளை பெற்று முடிந்தது, எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்’ என்று நம்மில் பலர் சொல்வோம். விரிவான முறையில் கருப்பை, கருப்பை வாய் ஆகியவற்றுடன், சுற்றியுள்ள திசுக்களையும் பிறப்புறுப்பின் மேற்பகுதியையும் எடுக்கிறார்கள். சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் அந்தத் திசுக்களில் இருக்கின்றன. அதனால் பின்னர் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், அல்லது அடக்க முடியாமல் போகலாம்.

எளிய முறையில் கருப்பையும் கருப்பை வாயும் மட்டுமே. கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேற்படாமல், ஆழமாகப் பரவாமல் இருந்த 700 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2024ல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது எளிய முறையில் 2.52 விழுக்காடு, விரிவான முறையில் 2.17 விழுக்காடு. ஏறக்குறைய ஒன்றே. சிறுநீர்த் தொல்லையோ எளிய முறையில் குறைவு. இரு பிரிவிலும் நிணநீர்க் கணுக்களைச் சோதித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டி பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது கதிர்வீச்சு சிகிச்சை பற்றியும் பேசுவார்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்: “கட்டி எவ்வளவு பெரியது? எவ்வளவு ஆழம்? எளிய முறை எனக்குப் போதுமா? திறந்து செய்வீர்களா, துளை வழியாகவா, ஏன்?”

மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போது சிறுநீர், தாம்பத்தியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் விடுபட்டுவிடும். இரு பக்கமும் கூச்சம். தமிழ் தெரிந்த தாதியோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பாரா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.